பிள்ளை பள்ளிக்குப் போகாத நாள்கள்: சுங்கை சிப்புட் தோட்டப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் அடுத்துப் போவது தேசிய இடைநிலைப் பள்ளிக்கு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியருக்கு அப்பா அம்மாவைத் தெரியும், தாத்தாவைக்கூடத் தெரியும். பிள்ளை வராவிட்டால் மதியத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். இடைநிலைப் பள்ளியில் அப்படி இல்லை, எல்லாம் பதிவேடும் கடிதமும்தான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருந்த காலத்தில் கோயிலிலும் மளிகைக் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இவை அரசாங்க இடைநிலைப் பள்ளிகளுக்கு மட்டும் பொருந்தும். தனியார் பள்ளிகளுக்கு வேறு விதிகள்.

என் மகனுக்கு இன்று காய்ச்சல். ஒரு நாள்தானே, பள்ளிக்குச் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், அதுவும் அன்றைக்கே. வகுப்பாசிரியர் காலையிலேயே வருகையைக் கல்வி அமைச்சின் கணினிப் பதிவில் ஏற்றிவிடுவார். வராத மாணவனின் பெயருக்கு எதிரே ஒரு காரணமும் போட வேண்டும். நோய், குடும்ப விஷயம் என்று அதற்குத் தனித்தனி வகை உண்டு. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் பிள்ளை காரணமில்லாமல் வராதவன், அதாவது பொந்தேங். காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் பிள்ளையும் பதிவேட்டில் ஒன்றாகிவிடுவார்கள்.

காலையில் வகுப்பாசிரியருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள். பிள்ளை திரும்பிப் போகும் நாளில் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். செய்தி மட்டும் போதும் என்று சில ஆசிரியர்கள் விட்டுவிடுவார்கள். ஆனாலும் கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. வகுப்பாசிரியர் நடு ஆண்டில் மாறினால் பழைய வாட்ஸ்அப்பை யாரும் தேடிப் பார்க்கப் போவதில்லை, கோப்பில் இருக்கும் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள்.

மலாயில் கடிதம் எழுத வராதே?

இதற்குப் போய் அடுத்த வீட்டுக்காரரைத் தேட வேண்டாம். இரண்டு வரி போதும் (பிள்ளை இன்ன தேதியில் காய்ச்சலால் பள்ளிக்கு வர முடியவில்லை என்பதே பொருள்):

"துவான், சாயா இங்ஙின் மெமாக்லும்கான் பாஹாவா அனாக் சாயா (பெயர்), திங்காத்தான் (படிவமும் வகுப்பும்), தீடாக் டாப்பாட் ஹாடிர் கெ செக்கோலா பாடா (தேதி) கெரானா டெமாம். செகியான், தெரிமா காசே."

டெமாம் என்றால் காய்ச்சல். வயிற்றுவலி என்றால் "சாக்கிட் பெருட்", வீட்டில் இறப்பு என்றால் "கெமாத்தியான் கெலுவார்கா". ஆசிரியை என்றால் துவானுக்குப் பதில் புவான். கீழே உங்கள் பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண், கையெழுத்து. பிள்ளையையே எழுதச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். அப்பாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகிய பிள்ளையைக் கட்டொழுங்கு ஆசிரியர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

எம்சி (மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ்) இல்லாமல் பெற்றோர் கடிதம் மட்டும் செல்லுமா?

ஒரு நாள் தலைவலி, மாதவிடாய் வலி போன்றவற்றுக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு மூன்று நாள் நீண்டால், அல்லது அன்று பரீட்சை இருந்தால், எம்சி கேட்பார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் பதிவுக் கட்டணம்தான். காத்திருக்கும் நேரம்தான் பெரிய செலவு, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

தோட்டத்து டிரெசர் எழுதித் தரும் சீட்டைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அவர் சும்மா மருந்து கொடுப்பவர் இல்லை. ஆனால் அந்தச் சீட்டைப் பள்ளி எம்சியாக எடுத்துக்கொள்ளுமா என்பது பள்ளி நிர்வாகத்தைப் பொறுத்தது. முதல் தடவையே வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். மறுத்தால் அதைப் பெற்றோர் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள், காரணத்துக்கு அது வலு சேர்க்கும்.

இன்னொன்று: கிளினிக்கில் பல் பார்க்க அரை நாள் போனால் தருவது எம்சி இல்லை, வந்து போன நேரம் எழுதிய சீட்டு. பிள்ளை மீதி நேரத்துக்குப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் பொருள்.

எம்சி கொடுத்தால் அந்த நாள் பள்ளிக்கு வந்ததாகக் கணக்காகுமா?

ஆகாது. வராத நாள் வராத நாள்தான். காரணத்தோடு வராத நாளாகப் பதிவாகும், அவ்வளவே. எச்சரிக்கைக் கடிதம் காரணமில்லாத நாள்களுக்குத்தான் வரும், அதனால் எம்சி உங்களைக் காப்பாற்றும். பாடத்தை அது காப்பாற்றாது. பள்ளி சார்பில் போட்டிக்கோ விளையாட்டுக்கோ போன நாள் மட்டும் வந்ததாகவே கணக்கு.

எத்தனை நாள் போகாவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும்? எப்போது பள்ளியிலிருந்து நீக்குவார்கள்?

தோட்டத்தில் இதைப் பற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். இரண்டு விதமான கணக்கு இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

ஒன்று, தொடர்ச்சியாக வராமல் இருப்பது. காரணம் சொல்லாமல் அடுத்தடுத்து 3 பள்ளி நாள் போகாவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம். அதன் பிறகும் வராவிட்டால் இரண்டாவது, அதற்கும் பிறகு கடைசி எச்சரிக்கை. மொத்தம் 31 நாள் ஆகும்போது பள்ளியிலிருந்து நீக்கும் கட்டம்.

மற்றது, விட்டுவிட்டு வராமல் இருப்பது. இன்று ஒரு நாள், அடுத்த வாரம் இரண்டு நாள் என்று சேர்ந்து 10 நாளில் முதல் எச்சரிக்கை, 20 நாளில் இரண்டாவது, 40 நாளில் கடைசி எச்சரிக்கை, 60 நாளில் நீக்கம்.

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது இரண்டாவது கணக்கில். மூன்று நாள் தொடர்ந்து வீட்டில் இருந்தால் எந்த அம்மாவும் கவனித்துவிடுவார். திங்கள்கிழமை மட்டும் போகாத பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. வாரம் ஒரு திங்கள் என்று வைத்தால், முதல் எச்சரிக்கைக்கு மூன்று மாதம்கூடத் தேவையில்லை.

சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, பொது விடுமுறை எதுவும் இதில் சேராது. பள்ளி நாள் மட்டும்தான் கணக்கு.

எச்சரிக்கைக் கடிதம் எனக்கு வரவே இல்லையே! திடீரென்று முதல்வர் கூப்பிட்டுக் கடைசிக் கடிதத்தை நீட்டுகிறார்.

இதைச் சொல்லாத பெற்றோரே இல்லை, பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மையும்கூட. கடிதம் எங்கே போனது என்று பாருங்கள். லயத்து வீட்டில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருந்தபோது கொடுத்த முகவரிதான் பள்ளியில் இருக்கும். தோட்டத்துக் கடிதங்கள் ஆபீசுக்கு வரும், கிராணி (ஆபீஸ் குமாஸ்தா) எடுத்து வைப்பார், யாராவது வந்து கேட்டால் கொடுப்பார். இதற்குள் நீங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறியிருப்பீர்கள். முகவரி சரியாக இருந்தால், தபால்காரர் வரும் நேரத்தில் வீட்டில் இருந்தது யார்? பள்ளிக்குப் போகாத அதே பிள்ளைதான்.

பள்ளியின் மேலும் எனக்குக் குறை உண்டு. அனுப்பியதற்குப் பதிவு இருந்தால் போதும் என்று சில பள்ளிகள் நினைக்கின்றன. போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதில்லை. மலாயில், அலுவலக நடையில் எழுதிய கடிதத்தைப் படிக்க முடியாத அம்மாவுக்கு ஒரு போன் செய்தால் வேலை முடிந்தது.

உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியது இதுதான்: கைப்பேசி எண் மாறிய அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், பள்ளி ஆபீசிலும் எழுதிக் கொடுங்கள். பிரீபெய்ட் சிம்மை அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். அப்பா எண், அம்மா எண், பக்கத்தில் இருக்கும் சித்தியோ மாமாவோ ஒருவர் எண் என்று மூன்றையும் கொடுத்து வையுங்கள். கடிதம் கைக்கு வந்தால் பயந்துபோய் அலமாரியில் வைக்காதீர்கள். அது போலீஸ் சம்மன் இல்லை. உங்களைப் பேச வரச் சொல்கிறார்கள், போய்ப் பேசுங்கள்.

காலையில் சீருடையில் அனுப்பினேன். வகுப்புக்கு வரவில்லை என்கிறது பள்ளி. என்ன செய்வது?

முதலில், அடிக்காதீர்கள். அடி வாங்கிய பிள்ளை அடுத்த தடவை இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்துகொள்ளும்.

பொந்தேங் அடிக்கும் பிள்ளையை உடனே கெட்ட சகவாசம் என்று முடிவு கட்டுகிறோம். அதுவும் உண்டுதான். ஆனால் நான் பேசிய பிள்ளைகளில் பலர் வேறு காரணம் சொன்னார்கள். ஆறு வருடம் தமிழில் படித்துவிட்டு அறிவியலையும் சரித்திரத்தையும் மலாயில் கேட்கும்போது ஒன்றும் புரிவதில்லை. புரியாத வகுப்பில் தினம் ஆறு மணி நேரம் உட்காருவது சின்ன தண்டனை இல்லை. மலாய் போதாத பிள்ளைகளுக்காகத்தான் படிவம் ஒன்றுக்கு (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டு) முன்னால் ரிமூவ் வகுப்பு இருக்கிறது. "ஒரு வருடம் வீணாகிறது" என்று வெட்கப்பட்டு அதைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள் பெற்றோர். படிவம் இரண்டில் பள்ளியை விட்டு ஓடுவதைவிட அந்த ஒரு வருடம் மேல்.

வேறு சிலரைக் கழிப்பறைப் பக்கம் பெரிய பையன்கள் பிடித்துக் காசு கேட்கிறார்கள். சிலரை நிறத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். வீட்டில் சொன்னால் அப்பா பள்ளிக்கு வந்து சத்தம் போடுவார், அதனால் கேலி இன்னும் கூடும் என்று வாயைத் திறப்பதில்லை.

அதனால் கட்டொழுங்கு ஆசிரியரிடம் போவதற்கு முன்னால் கவுன்சலரைப் பாருங்கள். ஒவ்வொரு இடைநிலைப் பள்ளியிலும் முழுநேரக் கவுன்சலர் உண்டு. பிள்ளை எந்த நாளில், எந்தப் பாட நேரத்தில் காணாமல் போகிறது என்று அவரிடம் கேளுங்கள். எப்போதும் கணிதப் பாட நாள் என்றால் ஒரு காரணம், எப்போதும் உடற்கல்வி நாள் என்றால் வேறு காரணம். கேலி, அடிதடி என்றால் மாணவர் நலத்துக்குப் பொறுப்பான துணை முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

நாங்கள் இரண்டு பேரும் விடிவதற்குள் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்விடுகிறோம். பிள்ளையை யார் எழுப்புவது?

ரப்பர் பால்வெட்டுக் காலத்திலிருந்து இருக்கும் சிக்கல் இது. இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை), அல்லது ஈப்போ பக்கத்துப் பேக்டரியில் ஷிஃப்ட். அப்பா அம்மா வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் பிள்ளை எழுந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வயது வரை பாட்டி எழுப்பினார். பாட்டி போன பிறகு அலாரம்தான், அதை நிறுத்திவிட்டுத் தூங்குவது பதினான்கு வயதுக்கு இயல்பு.

சில லயங்களில் நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரே பள்ளிக்குப் போகும் நான்கைந்து பிள்ளைகள் ஒரு வீட்டு வாசலில் கூடி, பஸ்ஸுக்கு ஒன்றாகப் போகிறார்கள். ஒருவன் வரவில்லை என்றால் மற்றவன் போய்க் கதவைத் தட்டுவான். பள்ளி வேன் ஓட்டும் அண்ணனிடமும் சொல்லி வைக்கலாம்: "இவன் ஏறலன்னா எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க." பெரும்பாலானவர்கள் செய்வார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை வீட்டில் நிறுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். இழப்பு முழுக்க அந்தப் பெண்ணுக்கு.

தாமதமாகப் போனால் அன்று வராத கணக்கா?

இல்லை, தாமதம் தனிக் குற்றமாகப் பதிவாகும். ஆனால் வருகைப் பதிவு முடிந்த பிறகு வந்தால், கேட்டில் பெயர் எழுதியதோடு நிற்காமல் வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வந்தும் வராதவனாகிவிடுவான். "லேட்டாயிடுச்சு, திட்டுவாங்க" என்று பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடப் பார்க்கும். லேட்டானாலும் அனுப்பிவிடுங்கள்.

தைப்பூசம், பொங்கல், வீட்டில் சடங்கு, சாவு: இதற்கெல்லாம் விடுமுறை உண்டா?

தைப்பூசம் பேராக்கில் பொது விடுமுறை. பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜோகூரிலும் அப்படியே. எல்லா மாநிலத்திலும் இல்லை. பகாங்கில் இருக்கும் உங்கள் தங்கை பிள்ளைக்கு அன்று பள்ளி இருக்கலாம். காவடிக்காக அழைத்து வந்தால் முன்கூட்டியே கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். பொங்கல் பொது விடுமுறை இல்லை. தீபாவளிக்கு அமைச்சு கூடுதல் நாள் கொடுக்கும், அந்த ஆண்டுப் பள்ளி நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீங்களாக நீட்டிக்கும் நாள்கள்தான் பிரச்சினை. தீபாவளிக்கு அடுத்த வாரம் வகுப்பில் நம் பிள்ளைகளின் நாற்காலிகள் மட்டும் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும் ஆசிரியர் என்ன நினைப்பார்?

நெருங்கிய உறவில் இறப்பு என்றால் எந்தப் பள்ளியும் மறுப்பதில்லை. அடக்கம் முடிந்து ஓரிரு நாளில் பிள்ளை திரும்பலாம். பதினாறாம் நாள் காரியம் வரை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.

பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் சில வீடுகளில் சடங்கு முடியும்வரை வெளியே அனுப்புவதில்லை. வழக்கத்தை விடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஆனால் கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் வீட்டில் வைத்தால் மூன்றாம் நாளே எச்சரிக்கைக் கடிதம் கிளம்பிவிடும். பெண் ஆசிரியை ஒருவரிடம் அம்மா பேசினால் புரிந்துகொள்வார். சடங்கைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொண்டு, பிள்ளையை நான்காம் நாளே அனுப்பும் வீடுகள் இப்போது நிறைய இருக்கின்றன. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

மழை, வெள்ளம், புகைமூட்டம் என்றால்?

தோட்டச் சாலை மூழ்கிப் பஸ் வரவில்லை என்றால் ஒரு படம் எடுத்து வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். டவுனில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆற்றோரத் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர் நிற்பது அவருக்குத் தெரியாது. புகைமூட்டத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளி நடவடிக்கைகள் நிற்கும், 200-ஐத் தாண்டினால் பள்ளியை மூடுவார்கள். அறிவிப்பு வராமல் நீங்களாக நிறுத்தினால் கடிதம் தேவை. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மருத்துவர் சீட்டை முன்பே கொடுத்து வைப்பது நல்லது.

காலணி கிழிந்துவிட்டது, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணமும் கட்டவில்லை. அனுப்பலாமா?

அனுப்புங்கள். அந்தப் பணம் நன்கொடைதான். அது கட்டாததற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. எல்லா மாணவர்களுக்கும் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவித்தொகை 2023 முதல் வருமானம் பார்க்காமல் கொடுக்கப்படுகிறது. அது காலணிக்கே போகட்டும். வெள்ளைக் காலணி போய்க் கறுப்புக் காலணி வந்தது செம்மண் சாலையில் நடக்கும் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வரம். அப்படியும் முடியவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மகனுக்குப் பதினான்கு வயது. உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்க உதவிக்கு வந்தால் கூலி கொஞ்சம் கூடும். வாரம் ஒரு நாள் பரவாயில்லையா?

பள்ளி நாளில் கூடாது. 1966-ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைச் சட்டப்படி 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் சிறுவர். பள்ளியில் இருக்கும் நேரத்தையும் வேலை நேரத்தையும் கூட்டினால் ஒரு நாளுக்கு 7 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, இரவு 8 முதல் காலை 7 வரை வேலையே கூடாது. கூலி கூடும் என்பது எனக்கும் தெரியும், கஷ்டமும் தெரியும். ஆனால் பையன் ஒரு தடவை கையில் காசு பார்த்துவிட்டால் திரும்ப வகுப்பில் உட்காருவது அபூர்வம். கஷ்டம் என்றால் பள்ளியிடம் சொல்லுங்கள். ஏழை மாணவர்களுக்கான உதவிக்குப் பெயர் கொடுப்பது பள்ளிதான், சொல்லாமல் அவர்களுக்குத் தெரியாது.

வேறு தோட்டத்துக்கு மாறுகிறோம். புதுப் பள்ளியில் இடம் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கட்டுமா?

இருந்தால் பழைய பள்ளியில் நாள் ஏறிக்கொண்டே போகும். மாற்றம் முடியும்வரை பெயர் அங்கேதான். வீடு மாறுவதற்கு முன்பே பழைய பள்ளி ஆபீசில் மாற்று விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். புது வேலையின் கடிதமோ புது முகவரிக்கான ஆதாரமோ கேட்பார்கள். இடையில் சில நாள் விடுபட்டால் "மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது" என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனால், புதுப் பள்ளியில் சேர்க்கும்போது பழைய எச்சரிக்கைக் கடிதங்களும் கூடவே வரும்.

பொந்தேங் போட்டால் பிரம்படி உண்டா?

1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளின்படி பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்கவே கூடாது. பையன்களையும் முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர வேறு யாரும் அடிக்கக் கூடாது. நடந்தால் பள்ளி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பிள்ளையை அனுப்பாத பெற்றோர் மேல் வழக்குப் போடுவார்களா?

தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். மீறினால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025-இல் நாடாளுமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. "படிவம் மூன்று போதும்" என்று தோட்டத்தில் இன்னும் சொல்கிறவர்கள் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

நீக்கிவிட்டார்கள். இனி எஸ்பிஎம் (படிவம் ஐந்து முடிவில் எழுதும் அரசாங்கப் பரீட்சை) எழுதவே முடியாதா?

எழுதலாம். முதலில் மாநிலக் கல்வி இலாகாவுக்கு மேல்முறையீடு செய்யுங்கள். மருத்துவச் சீட்டு, கவுன்சலரின் குறிப்பு, நீங்கள் கொடுத்த கடிதங்களின் நகல் எல்லாம் அங்கே பேசும். ஒவ்வொரு கடிதத்தையும் கொடுப்பதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அது முடியாவிட்டால் தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்து எழுதலாம். மலாய்மொழியிலும் சரித்திரத்திலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழ் கிடையாது. பள்ளி இல்லாமல் இந்த இரண்டையும் தனியாகப் படிப்பதுதான் கஷ்டம், டியூஷன் ஏற்பாட்டை முதலில் பாருங்கள்.

புதன்கிழமை மதியம் நடக்கும் புறப்பாடத்துக்கு (விளையாட்டு, கழகம் போன்ற நடவடிக்கைகளுக்கு) போகாவிட்டால்?

அதற்குத் தனி வருகைப் பதிவு உண்டு. படிவம் ஆறு, மெட்ரிக்குலேஷன் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது 100-இல் 10 புள்ளி புறப்பாடத்துக்குத்தான். மதியம் திரும்பி வரப் பஸ் இல்லை என்பதுதான் உண்மையான தடை என்றால், அதே தோட்டத்துப் பெற்றோர் சேர்ந்து வேனுக்குப் பேசுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இதைக் கிளப்பலாம்.